களத்தில் நான் எடுத்த கல்

என் தேவுக்கு,

சின்ன வயதில் உன் கையெழுத்தைத் திருத்தித் திருத்தி ஓய்ந்துபோன உன் அக்கா எழுதுகிறேன். இன்று என் கையெழுத்துதான் கோணலாகப் போகிறது. நீ பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். "இன்னா டீச்சரே, கொசு அடிச்சிப் போட்ட மாதிரி எயுதி வெச்சிக்கீற" என்று கேட்டிருப்பாய்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். உன் மகள் இங்கேதான் இருக்கிறாள், உன் வீட்டில், அவளுக்காக நீ புதிதாக மின்விசிறி மாட்டி வைத்த அறையில். குழந்தைக்கு நெற்றி உன்னுடையது. அழும்போது புருவம் இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொள்கின்றன. மோட்டார் ஓடாத நாளில் உன் முகம் அப்படித்தான் இருக்கும்.

இனி மற்றது. உன் சரளா அந்தக் குழந்தையை இன்னும் தூக்கவில்லை. பிறந்து இருபத்திரண்டு நாளாகிறது. துணி அலசுகிறாள், மகளுக்குப் பத்தியச் சோறு ஆக்குகிறாள், தண்ணீர் காய்ச்சி எடுத்து வந்து வைக்கிறாள். பிள்ளையைக் கையில் கொடுக்கப் போனால் மட்டும் பின்னால் நகர்ந்துவிடுகிறாள். "வாணாம்டி. என் காலு இன்னா பண்ணுச்சின்னு தெரியுமில்ல" என்று பெற்ற மகளிடமே சொன்னாள்.

உன்னைக் கொன்றது தன் கால் என்று உன் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். மூன்று மாதம். நான் பக்கத்து வீட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அவள் கால் இல்லை, தேவு. வண்டியின் முன் சக்கரத்துக்கு நீ முட்டுக்கொடுத்து வைத்திருந்த கல்லை எடுத்தது நான்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்காக நான்கு தாள் கிழித்தேன். இது உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனால் உறவும் ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். வகுப்பில் பின்பெஞ்சுக்காரருக்காக இரண்டாம் முறை சொல்வது என் பழைய வழக்கம், நீ அறிவாய்.

நம் களம் சிமெண்டுக் களம். நெல் காயப்போட நீயே ஆள் வைத்துப் போட்டது. மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் ஏரிப் பக்கம் ஓடிவிட வேண்டும் என்று, அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்வாக வாட்டம் கொடுத்துப் போட்டாய். நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத வாட்டம். ஒரு கோலிக்குண்டை வைத்தால்தான் தெரியும்.

அங்கே கிடக்கிற கல் எல்லாம் தார்பாய்க் கல். காற்று கிளம்பினால் நெல்லைக் குவித்து, தார்பாய் போட்டு மூடி, மூலைக்கு ஒரு கல் வைப்போம். யார் கொண்டுவந்த கல் என்று யாரும் பார்ப்பதில்லை. கைக்கு எட்டுகிற கல்லை எடுப்போம். ஊரில் எந்தக் களத்திலும் இதுதான் வழக்கம். என் கண்ணும் அப்படித்தான் பழகியிருந்தது. அங்கே ஒரு கல் வேறு வேலைக்கும் இருக்கலாம் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆவணி மாதம். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அடித்து, களத்தில் பாதி இடத்தில் பரப்பியிருந்தோம். அடுத்த வாரம் கவிதாவுக்கு வளைகாப்பு. செய்யாற்றிலிருந்து அவளை அழைத்துவர வண்டி வேண்டும். உன் பழைய வெள்ளைக் காரோ பிரேக்கை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் வலது சக்கரத்தில் ஆயில் கசிகிறது என்று நீயே கண்டுபிடித்தாய். உத்திரமேரூர் போய் நீயே சாமான் வாங்கி வந்தாய்.

"மெக்கானிக் காதர் பாய்கிட்ட வுட்டுடேன்டா" என்றேன்.

"வுட்டா நாளைக்கி நாளன்னிக்கின்னு இய்ப்பாருக்கா. பொண்ண பஸ்ல இட்டுக்கினு வருவியா நீ?"

"ஒனக்கு இந்த வேலை தெரியுமா?"

"போன்ல மூணு வாட்டி பாத்துட்டேன். டீச்சருங்களுக்குத்தான் படிச்சா வரும். எனக்குப் பாத்தாலே வரும்."

"பாத்துப் பாத்துதான் போன வாரம் மிக்ஸிய தொறந்தாரு அண்ணி" என்றாள் சரளா. "இன்னிக்கு வரைக்கும் அம்மியில அரைச்சிக்கினு கீறேன்."

நீ சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ள எங்களைக் கூப்பிட்டாய்.

வீட்டு வாசல் மண் தரை. ஜாக்கி அழுந்திவிடும் என்று யோசித்துதான் வண்டியைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். நீ, நான், சரளா மூவரும். யோசிக்காமல் செய்த வேலை இல்லை அது. மண்ணுக்குப் பயந்து சிமெண்டுக்குப் போனாய். அந்தச் சிமெண்டின் வாட்டம் உன் நினைவுக்கு வரவில்லை. ஏரிப் பக்கம் மூக்கை வைத்து வண்டி நின்றது.

பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிக் கழற்றினாய். கழற்றிய சக்கரத்தைத் தூரமாகப் படுக்கப் போட்டாய். நான் கொண்டுவந்த டீயை அதன்மேல்தான் வைத்தேன். சாமானை மாற்றி முடித்தாய். மிச்சம் ஒரு வேலை. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே தள்ள வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று எனக்கு விளக்கினாய். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் அடியில் படுத்து, உள்பக்கம் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடியதும் உள்ளே இருப்பவர் காலை எடுக்கலாம். காற்று தீரும்வரை மறுபடி மறுபடி. சரளாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு நீ அடியில் போய்ப் படுத்தாய்.

"அமுக்கு. அமுக்கு. புடிச்சிக்கினு இரு. ம், வுடு."

வண்டிக்கு அடியிலிருந்து உன் குரல் அப்படியே திரும்பத் திரும்ப வந்தது. பள்ளிக்கூட டிரில் மாதிரி இருக்கிறது என்று நான் சிரித்தேன். "ரிட்டைரான டீச்சர் கொஞ்சம் சத்தம் போடாம நெல்லக் கெளறு" என்றாய். உன் கால் இரண்டு மட்டும்தான் வெளியே தெரிந்தன. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாய்.

ஆறு முறை, ஏழு முறை நடந்திருக்கும். ஒவ்வொரு முறை சரளா காலை எடுத்தபோதும் வண்டி ஒன்றும் ஆகாமல் நின்றது. ஏன் நின்றது? அந்தக் கல் தாங்கியது. அப்போது நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. இப்போது தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

திடீரென்று மேற்கே கறுத்தது. காற்று வந்தது. "மய வருது, நெல்லப் பாரு" என்று அடியிலிருந்தே நீதான் கத்தினாய். நான் ஓடினேன். குவித்தேன், தார்பாயை இழுத்தேன். மூன்று மூலைக்கு மூன்று கல் இருந்தது. நாலாவது மூலை எழுந்து அடித்துக்கொண்டது. நாலாவது கல் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். வண்டியின் முன் சக்கரத்தோரம் கிடந்தது. நான் அதைக் கிடந்தது என்றுதான் பார்த்தேன்.

குனிந்து எடுத்தேன். கையோடு வந்தது, தேவு. ஒரு இழுப்பு, ஒரு முக்கல் வேண்டியிருக்கவில்லை. சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவே இறுகியிருந்தால், இழுத்தும் வராமல் இருந்திருந்தால், ஏன் வரவில்லை என்று ஒரு கணம் நின்றிருப்பேன். அந்த ஒரு கணத்தில் எனக்குப் புரிந்திருக்கும். ஆனால் அப்போது சரளா பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி அவள் காலில் நின்றது. கல்லின் மேல் பாரம் இல்லை.

நாலாவது மூலையில் கல்லை வைத்தேன். தார்பாய் அடங்கியது. அப்பாடா என்று இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தேன்.

"வுடு" என்றாய்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நெல் மூட்டையைத் தோளிலிருந்து தரையில் போடுவார்களே, அவ்வளவுதான். வண்டி ஒரு சாண் முன்னால் போயிருந்தது. ஜாக்கி படுத்துக் கிடந்தது. சக்கரத்தின் மேல் வைத்த டீ சிந்தக்கூட இல்லை. நான் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

உள்ளேயிருந்து சரளா கேட்டாள். "இன்னாங்க, அமுக்கட்டுமா?"

மறுபடி கேட்டாள்.

"அமுக்கட்டுமான்னு கேக்கறேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் இரண்டாம் முறை கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. சமையல் செய்யும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எப்போது வேண்டுமானாலும் வருகிறது. அவள் குரலில் பயமே இல்லை. உன்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது, அவ்வளவுதான்.

பக்கத்துக் கழனியில் இருந்த ஆட்கள் ஓடிவந்து ஐந்தாறு பேராக வண்டியைத் தூக்கினார்கள். உன்னை வேனில் ஏற்றினோம். உன் தலை என் மடியில் இருந்தது. வழியிலேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரி வரும்வரை உன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

மழை வரவில்லை, தேவு. பத்துத் துளி விழுந்தது. வெயில் வந்துவிட்டது.

விசாரிக்க வந்தவர்களிடம் சரளாதான் பேசினாள். "அவரு வுடுன்னாரு, நான் வுட்டேன்" என்று அதையே சொன்னாள். பிறகு என்னைக் கேட்டார்கள். "நீங்க எங்க இருந்தீங்க டீச்சர்?"

"நெல்லை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று எனக்கு அதற்குமேல் தெரியவும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கல்லை எடுத்ததும் வண்டி நகர்ந்ததும் என் தலைக்குள் இரண்டு தனித்தனி சம்பவங்களாக இருந்தன. ஒன்று நெல் சம்பந்தப்பட்டது. இன்னொன்று கார் சம்பந்தப்பட்டது.

சாவு வீட்டில் பேச்சுக்குக் குறைவா? "பொம்பளய வண்டியில குந்த வெச்சிக்கினு இன்னா வேல" என்றாள் ஒருத்தி. "ஒண்ண அமுக்கறதுக்கு இன்னொண்ண அமுக்கிட்டாளாம்" என்றாள் இன்னொருத்தி. "இவளே போட்டு அமுக்கிட்டா, பாவம் அந்த ஆளு" என்று யாரோ சொன்னதை நானே கேட்டேன். சரளாவும் கேட்டாள். அன்று முதல் ஒரு மாதம் சோற்றைக் கையால் தொடவில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு காதர் பாய் வந்தார். நம் வண்டிகளை எல்லாம் பார்க்கிறவர். காரை இழுத்துக்கொண்டு போகச் சொல்லி நான்தான் கூப்பிட்டிருந்தேன். களத்தில் அது அதே இடத்தில் நின்றது. பாய் குனிந்து அடியில் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கோபமும் இருந்தது.

"எவ்ளோ வெவரமான ஆளு டீச்சர் அவரு. ஹேண்ட் பிரேக்க எறக்கிக்கிறாரு. சரி, அத்த எறக்காம பிரேக் டிரம்மு கழட்ட வராது. கியர்ல போட்டிருக்கணும், போடல. ஜாக்கி தூக்கறதுக்குத்தான், கீய படுக்கறதுக்கு இல்ல. அதுக்குன்னு ஸ்டாண்டு கீது, எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கழட்டின சக்கரத்தையாவது அடியில தள்ளி வெச்சிருந்தா வண்டி அதும்மேல குந்தியிருக்கும். இத்தெல்லாம் கூட வுடு. முன்சக்கரத்துக்கு ஒரு கல்லு. ஒரே ஒரு கல்லு வெச்சிருந்தா நவுந்திருக்காது. அது கூடவா தோணல அவருக்கு?"

சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "அவசரக்காரன்பா" என்றார் ஒருவர்.

நான் தார்பாயைப் பார்த்தேன். நாலு மூலையிலும் கல் இருந்தது. நான் வைத்த கல்லின் ஒரு முகத்தில் கறுப்பாக, டயர் தேய்ந்த தடம் இருந்தது.

என்ன ஆயிற்று எனக்கு என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உள்ளங்கையில் அந்தக் கல்லின் கனம் மட்டும் திரும்ப வந்தது. எவ்வளவு லேசாக வந்தது என்பது திரும்ப வந்தது. என் தம்பி கல் வைத்திருந்தான் பாய், என்று சொல்ல வாய் திறந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். வாங்கிக் குடித்தேன். அவ்வளவுதான். வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் நான். ஒரு பொருள் அசையாமல் இருந்தால் அதன்மேல் விசையே இல்லை என்று நினைக்காதீர்கள் என்பது என் பாடம். இரண்டு பெண்களைக் கூப்பிட்டு மேசையை எதிரெதிரே தள்ளச் சொல்வேன். மேசை நகராது. பிறகு ஒருத்தியை மட்டும் கையை எடுக்கச் சொல்வேன். மேசை சர்ரென்று போகும், வகுப்பே சிரிக்கும். நின்றுகொண்டிருக்கும் எதையும் எது நிறுத்தியிருக்கிறது என்று கேளுங்கள் பிள்ளைகளே என்பேன். வருடம் தவறாமல் சொன்னேன். அந்தப் பாடம் என் வாயில் இருந்தது. என் கைக்கு வந்து சேரவே இல்லை.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நீ அடியில் படுத்திருந்தாய். அங்கிருந்து முன்சக்கரம் தெரியும். என் கை வந்தது உனக்குத் தெரிந்ததா? தெரியாமல்தான் 'வுடு' என்று சொல்லியிருப்பாய். அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லை, பார்த்துவிட்டு, அக்கா ஏதோ சரியாகத்தான் செய்வாள் என்று விட்டுவிட்டாயா? சின்ன வயதிலிருந்து நான் செய்வதெல்லாம் சரி என்று நம்பிப் பழகியவன் நீ. வேறு யாருக்கும் இதற்குப் பதில் தெரியாது.

நான் ஏன் சொல்லாமல் இருந்தேன் என்று நீ கேட்பாய். வளைகாப்பே நின்றுபோன கவிதாவுக்கு நல்லபடி பிரசவம் ஆகட்டும் என்றேன். பிறகு குழந்தை கொஞ்சம் தேறட்டும் என்றேன். இவை எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டவை. உண்மை வேறு. தெருவில் இறங்கினால் டீச்சர் என்று எழுந்து நிற்கிறார்கள். அந்த எழுந்து நிற்றல் போய்விடுமே என்று பயந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

குழந்தையின் பதினெட்டாம் நாள் கவிதாதான் என்னிடம் வந்தாள். "அத்த, அம்மாக்கு நீ எடுத்துச் சொல்லேன். டீச்சராச்சே. பாப்பாவ தொட மாட்றாங்க. எனக்குப் பயமா கீது. எதுனா பண்ணிக்கப் போறாங்க" என்றாள். எதுனா பண்ணிக்கப் போறாங்க. அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சரளா தோட்டத்தில் குழந்தைத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் எதிரே போய் நின்றேன். எடுத்துச் சொல்ல உதாரணம் ஒன்றும் வரவில்லை.

"சரளா, கல்லு இருந்திச்சு" என்றேன்.

"எந்தக் கல்லு?"

"முன் சக்கரத்துக்கு. தேவு வெச்சிருந்தான். நான்தான் எடுத்தேன். தார்பாய்க்கு."

அவள் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். தண்ணீர் சொட்டவில்லை.

"நீ காலை எடுத்ததால வண்டி போவல. கல்லு இல்லாததால போச்சு. அவன் சொன்னபடிதான் நீ செஞ்சே."

"எப்பத்திலேந்து தெரியும் ஒனக்கு?"

"பதினாறாம் நாளு. பாய் பேசினப்போ."

"அப்போ," என்று மெதுவாக ஆரம்பித்தாள். "பாய் பேசுனப்பவும் தெரியும். எங்கம்மா வூட்லேந்து வந்து கூப்ட்டப்போ, இந்தக் கால வெச்சிக்கினு எங்க வர்றதுன்னு அயுதேனே, அப்பவும் தெரியும். குந்திக்கினு எனக்குச் சோறு ஊட்டினியே அண்ணி. அப்பவும் தெரியும்."

"ஆமாம்."

"கல்ல எடுத்ததுக்கு நான் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். நெல்லு நனையப் போவுதுன்னா நானும் எடுத்திருப்பேன். யாரா இருந்தாலும் எடுப்பாங்க." துணியைக் கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டாள். "ஆனா இத்தினி நாளு வேடிக்க பாத்தியே. எங்கப்பன் அடிச்சிக் கூட நான் இவ்ளோ வலி பட்டதில்ல. போ அண்ணி. என் மூஞ்சிக்கு எதிர்ல நிக்காத."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு நாள் அவள் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. கவிதாவுக்கான கஷாயத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

இந்த நான்கு நாளில் ஒன்று பார்த்தேன். சொன்னால் உனக்கும் திக்கென்று இருக்கும். மானாம்பதி போகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் ஒருவர் ஜாக்கியில் காரைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. "ஐயா, கொஞ்சம் வெளியே வாங்க" என்றேன். காதர் பாய் சொன்னதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். கழற்றிய சக்கரத்தை அடியில் தள்ளுங்கள், கியரில் போடுங்கள், நான்கு பக்கமும் பார்த்துக் கல் வையுங்கள் என்றேன். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, இந்தக் கல்லை எதற்காகவும் யாரும் தொடக் கூடாது, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்த அம்மாள் உட்காரவைத்து மோர் கொடுத்தாள்.

இன்று காலை சரளா வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றாள்.

"வர்ற ஞாயித்துக்கெயம பாப்பாக்குப் பேர் வெக்கறோம்."

"கவிதா முன்னமே சொன்னா" என்றேன்.

"நம்ம ஜனம் எல்லாம் வரும். என்ன நாக்கு மேல பல்லு போட்டுப் பேசுன அத்தினி பேரும் வருவாங்க. காதர் பாயையும் வரச் சொல்லிக்கிறேன். எங்கிட்ட சொன்னது பத்தாது. அங்க சொல்லணும் நீ."

"சொல்றேன்."

"என்னப் பத்தி மொதல்ல சொல்லாத. அவரப் பத்திச் சொல்லு. ஒரு கல்லு கூட வெக்கத் தெரியாத ஆளுன்னு ஊரே சொல்லிக்கினு கீது. கேட்டுக் கேட்டு நானும் அப்டிதான் நெனச்சிட்டேன் அண்ணி. அவரத் திட்டிட்டேன். தெனமும் மனசுக்குள்ள திட்டினேன். கல்லு வெச்சிருந்தாருன்னு சொல்லு. அதுக்கப்பறம் மத்தது."

போகும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். உன் வீட்டுக்குள் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவள் நடையை எட்டிப் போட்டாள். போய்த் தூக்கினாளா என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கும் உரிமை இப்போதைக்கு எனக்கு இல்லை.

தேவு, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்த பிறகு, பேர் வைப்பதற்கு முன்னால், எழுந்து நின்று சொல்கிறேன். நீ கல் வைத்திருந்தாய் என்று முதலில் சொல்கிறேன். சரளா நீ சொன்னதைத்தான் செய்தாள் என்று அடுத்துச் சொல்கிறேன். எடுத்தது யார் என்பதை, எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அழமாட்டேன். அழுதால் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்கள், சொல்ல வந்தது நின்றுபோகும். யாராவது எழுந்து போனால் போகட்டும். யாராவது கேட்டால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஒரு முறை சொல்லிப் புரியாதவர்களுக்கு இரண்டாம் முறையும் சொல்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, உனக்கு முன்னால் பிறந்து, இன்னும் இருக்கிற
உன் அக்கா